பணிப்பதிவேடு கணினிக்குப் போனபோது உங்கள் அலுவலகத்தில் என்ன தொலைந்தது?

பதிவறை:
எஸ்.ஆர். எனும் பணிப்பதிவேட்டையெல்லாம் ஸ்கேன் செய்த வருடம் பலருக்கு நினைவிருக்கும். எங்களுக்கு 15 நாளில் முடித்துக் கொடுத்தார்கள். அப்புறம் பதிவறையைக் காலி செய்து கட்டுகளைக் கிடங்குக்கு அனுப்பினோம். அங்கே கரையான்.

பணியில் இருக்கும்போதே இறந்த எங்கள் ஓட்டுநர் கல்யாணமாகாதவர். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) அக்காவை நாமினியாகப் போட்டிருந்தார். அந்தப் பதிவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கா வந்ததும் திரையில் திறந்தால், 34ஆம் தாளின் முன்பக்கம், அடுத்து 35. அந்தப் பதிவு இருந்த பின்பக்கத்தை யாரும் ஸ்கேன் செய்யவில்லை. முன்பக்கத்தில் மை ஊறி, ரப்பர் ஸ்டாம்பின் வட்டம் மட்டும் இடவலம் மாறித் தெரிந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். மஞ்சள் பையை மடியில் வைத்தபடி அந்த அம்மா திரையின் ஓரத்தை விரலால் தொட்டு, "இதக் கொஞ்சம் திருப்புங்க சார்" என்றார்.

தட்டச்சு மேசை:
எங்கள் சங்கத்தில் கோப்பு முழுசாக இருந்தும் போயிற்று. 2003லிருந்து தீர்மானங்களெல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் நிற்கும். தமிழ்நாடு அரசு எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாறச் சொல்லி 2010இல் ஆணை போட்டது. விரல் பழக்கத்தை விட முடியாமல் அதற்குப் பிறகும் பல வருடம் பழையபடியே அடித்தேன். புதிதாக வந்த பையன் கணினியை மாற்றும்போது, கெட்டுப்போன கோப்புகள் என்று நினைத்து அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஸ்கேன் தம்பி:
பதிவறை அண்ணா, நான் அந்த ஒப்பந்த வேலை பார்த்தவன் (உங்கள் ஊரில் இல்லை). எங்களுக்குக் கூலி பக்கக் கணக்கு. பின்பக்கத்தையும் எடுத்தால் எங்களுக்குத்தான் கூடுதல் காசு, வேண்டுமென்று ஏன் விடுவோம்? தாள்களைக் கோத்திருக்கும் டேக் கட்டை அவிழ்க்கக் கூடாது என்று சொன்னது அலுவலகம். வெற்றுப் பக்கம் வேண்டாம் என்று சொன்னதும் அலுவலகம். முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது யார்? அதையும் எழுதுங்கள்.

மில் கணக்கு:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கதை சின்னது. ஆலையில் வருகைப்பதிவை எக்செல்லில் ஏற்றினோம். 00417 என்ற தொழிலாளி டோக்கன் எண் 417 ஆகி, வேறொரு பிரிவின் 417ஓடு கலந்து, ஒருவர் சம்பளம் இன்னொருவர் கணக்கில் ஏறிற்று.

இனிமேல் செய்பவர்களுக்குச் சொல்கிறேன். எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். எக்செல் 15 இலக்கம்தான் காப்பாற்றும், 16ஆவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். எக்செல் மார்ச், செப்டம்பர் என்று தேதியாக்கிய மரபணுப் பெயர்களையே 2020இல் மாற்றி வைத்தார்கள் என்றால் பாருங்கள். ஸ்கேன் என்றால் தாளை எண்ணாதீர்கள், பக்கத்தை எண்ணுங்கள். வெற்றுப் பக்கமும் ஒரு படமாக இருக்கட்டும், அது வெறுமையாக இருந்தது என்பதற்கே அதுதான் சாட்சி. பிடிஎஃப்-ஏ வடிவில் வையுங்கள், எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கும். தட்டச்சு மேசைக்கு வந்த கதி வராது. எல்லாவற்றையும்விட, கட்டுக்குப் பத்துப் பதிவேடாவது கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை ஒரு தாளையும் கிடங்குக்கு அனுப்பாதீர்கள்.

பதிவறை:
தம்பி, கையெழுத்துப் போட்டவன் நான்தான். 412 பதிவேடு, ஒரே மதியம். மாலைக்குள் அறிக்கை போக வேண்டும் என்றார்கள், போட்டேன். அதனால்தான் இதை இங்கே எழுத வந்தேன்.

தட்டச்சு மேசை:
சார், அந்த 34ஆம் தாளின் படத்தை இடவலமாகத் திருப்பி, கறுப்பைக் கூட்டிப் பார்த்தீர்களா? ஊறிய மை சில நேரம் படிக்க வரும்.

பதிவறை:
பார்த்தோம். அக்கா பெயரில் முதல் இரண்டு எழுத்து வந்தது. தணிக்கையில் அது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். பணிக்கொடை அண்ணன் தம்பி எல்லோருக்கும் பங்காகப் போயிற்று. அவரைச் சிறு வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்தவர் அந்த அக்கா.