வல்கன் விமானத்துக்குக் கொடுத்த பணம் ஆற்றில் கரைத்த புளியா?

கோவைக்காரன் (கேள்வி):

வணக்கம். எக்ஸ்எச்558 என்ற அவ்ரோ வல்கன் விமானம் இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு: பிரிட்டிஷ் விமானப்படை 1960இல் வாங்கிய குண்டுவீச்சு விமானம், முக்கோண இறக்கை, நான்கு எஞ்சின், அணுகுண்டு தூக்குவதற்காகவே வடிவமைத்த ரகம். ஓய்வு பெற்று 1993இல் லெஸ்டர்ஷையரில் புரண்டிங்தோர்ப் என்ற ஊரில் போய் நின்றது. அதை மறுபடியும் பறக்கவைக்கிறோம் என்று ஒரு அறக்கட்டளை கிளம்பி, ஊரெல்லாம் பணம் திரட்டி, 2007 அக்டோபரில் பறக்கவைத்தார்கள். சரியாக எட்டு வருஷம், 2015 அக்டோபரோடு பறப்பது நின்றுவிட்டது.

என் மாமனார் லீட்ஸில் இருக்கிறார், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு விமானக் கண்காட்சியில் இதைப் பார்த்ததிலிருந்து மாதாமாதம் அறக்கட்டளைக்கு ஒரு சிறு தொகை போய்க்கொண்டிருக்கிறது, பறப்பது நின்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. போன வாரம் போனில் பேசும்போது "இதுவரைக்கும் கொடுத்ததெல்லாம் என்ன ஆச்சு மாப்பிள்ளே" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பறக்கவைக்கவே சுமார் 70 லட்சம் பவுண்டு ஆனதாகப் படித்தேன், அப்புறம் பறக்கும் ஒவ்வொரு வருஷமும் கிட்டத்தட்ட 20 லட்சம். எட்டு வருஷம் பறப்பதற்கு இவ்வளவு பணமா, அதுவும் பொதுமக்களிடம் கை நீட்டி? பேசாமல் முதல் நாளிலேயே ஒரு கூரைக்கடியில் நிறுத்தி அருங்காட்சியகமாக்கியிருந்தால் மிச்சமாகியிருக்காதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் தொடர்ந்து கொடுக்கலாமா என்பதையும் சேர்த்து.

வடலி:

நான் டொன்காஸ்டரில் இருந்து அரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறேன், 2011க்குப் பிறகு அந்த விமானம் நின்றது அங்கேதான், பழைய ஃபின்னிங்லி விமானத்தளத்தில். அது புறப்படும் நாட்களில் வேலியோரம் நின்ற சனத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஏணி, மடக்குக் கதிரை, பிளாஸ்கில் தேத்தண்ணி எல்லாவற்றோடும் காலையிலேயே வந்து இடம் பிடிப்பார்கள். எஞ்சினைக் கூட்டும்போது காற்று உள்ளே போகும் வாயிலில் இருந்து ஒரு ஊளை எழும்பும் பாருங்கோ, நெஞ்சாங்கூடு அதிரும், நிறுத்தி வைத்த கார்களின் அலாரம் எல்லாம் அடிக்கத் தொடங்கிவிடும். கூரைக்குக் கீழே நிற்கும் விமானம் அந்தச் சனத்தைக் கூட்டாது. சனம் கூடாவிட்டால் காசும் இல்லை.

காசு எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஏதோ அரசாங்கம் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் ராபர்ட் பிளெமிங் தலைமையில் நின்ற குழுவுக்கு 2003 கடைசியில் பாரம்பரிய லாட்டரி நிதியிலிருந்து 27 லட்சம் பவுண்டு கிடைத்தது. பெரிய தொகைதான், ஆனால் அது திருத்த வேலைக்கு மட்டும், பிறகு பறக்கும் செலவுக்கு அதில் ஒரு சதமும் தொட முடியாது. மிச்சம் முழுக்க வெளியில் இருந்து வர வேண்டும். 2005இல் மார்ஷல் என்ற விமானப் பொறியியல் நிறுவனத்தின் ஆட்கள் விமானத்தைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் செலவு எகிறியது, 2006 ஆகஸ்டில் கையில் காசில்லை, வேலைக்காரருக்கு வேலை முடிகிறது என்று அறிவித்தல் கொடுக்கும் நிலை. மாதம் முடிகிற நேரத்தில் சர் ஜாக் ஹேவர்ட் 5 லட்சம் பவுண்டு கொடுத்தார். வுல்வர்ஹாம்ப்டன் உதைபந்தாட்டக் கழகத்தை வைத்திருந்த அதே ஹேவர்ட்தான், 1970இல் ஃபோக்லாந்தில் கிடந்த கிரேட் பிரிட்டன் கப்பலைக் கட்டியிழுத்துக் கொண்டுவரக் காசு கொடுத்தவரும் அவரேதான். அவர் கொடுத்ததை மட்டும்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பவுண்டு, இருபது பவுண்டு என்று உங்கள் மாமா போன்ற ஆட்கள் அனுப்பியதில்தான் அந்த விமானம் ஓடியது.

ஆற்றில் கரைத்த புளி என்று சொல்லவே மாட்டேன். 1992இல் விமானப்படை அதைக் காட்சிக்குப் பறக்கவிடுவதை நிறுத்தியபோது பால்குடியாக இருந்த பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து வந்து அதை வானத்தில் பார்த்தார்கள்.

பழைய_ஃபிட்டர்:

வடலி சொல்வதில் உணர்ச்சி இருக்கிறது, தப்பில்லை. நான் நம்ம விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக இருந்தவன், எனக்குக் கணக்குதான் முதலில் கண்ணில் படும்.

பறக்கும் பழைய விமானம் என்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. அதிலும் வல்கன் மாதிரி சிக்கலான ஜெட்டுக்கு இங்கிலாந்தில் பறக்கும் அனுமதி வேண்டுமென்றால், அதை வடிவமைத்த நிறுவனங்களோ அவற்றின் வாரிசுகளோ "ஆமாம், நாங்கள் பொறுப்பு" என்று பின்னால் நிற்க வேண்டும். எக்ஸ்எச்558க்கு பிஏஇ சிஸ்டம்ஸ், மார்ஷல், ரோல்ஸ் ராய்ஸ் மூன்று பேரும் நின்றார்கள். 2015 கோடைக்கு முன்னாலேயே மூவரும் இந்த சீசனோடு விலகுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பண விவகாரம் இல்லை அது. அந்த விமானத்தைத் தொட்டுப் பழகிய ஆட்களே வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள், புதிதாக வருகிற பையனுக்கு 1950களின் வரைபடத்தைப் படித்துப் பொறுப்பேற்கும் தைரியம் எங்கே வரும்? நீங்கள் கோடி கோடியாகத் திரட்டினாலும் இதை விலைக்கு வாங்க முடியாது.

இன்னொன்று, எஞ்சின். ஒலிம்பஸ் 202 ரக எஞ்சின், கையிருப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு, புதிதாகச் செய்வார் யாரும் இல்லை. 2012 மே 28 அன்று டான்காஸ்டரில் புறப்பட ஓடத் தொடங்கியதும் இரண்டு எஞ்சின் ஒரே நேரத்தில் போனது. காரணம் சிலிக்கா ஜெல் பை. விமானம் சும்மா நிற்கும்போது ஈரம் ஏறாமலிருக்க எஞ்சின் வாயிலில் வைக்கிற பை, எடுக்காமல் விட்டதை முதல் எஞ்சின் விழுங்க, அது உடைந்து சிதறிய துண்டுகள் பக்கத்து எஞ்சினையும் காலி செய்தன. எங்கள் ஸ்க்வாட்ரனில் உள்ளே எத்தனை பை போனது, வெளியே எத்தனை வந்தது என்று எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கவர் போடுகிறவனே நகருவான், அப்படியும் ராத்திரியில் ஒரு சந்தேகம் வந்து எழுந்து போய்ப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கோடையிலேயே மறுபடி பறந்துவிட்டார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரே நாளில் போனது இரண்டு எஞ்சினின் ஆயுள்.

கோவைக்காரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பறக்கவைக்காமலும் உயிரோடு வைத்திருக்க வழி இருந்தது. வெல்ஸ்போர்னில் எக்ஸ்எம்655, சவுத்எண்டில் எக்ஸ்எல்426, இரண்டும் வல்கன்தான், ஓய்வுபெற்று அங்கே வந்து நின்ற பிறகு பறந்ததில்லை. தன்னார்வலர்கள் எஞ்சினை ஓட்டுவார்கள், ரன்வேயில் உருட்டுவார்கள், டிக்கெட் போடுவார்கள். பறக்கும் அனுமதி தேவையில்லாததால் செலவில் பெரும்பகுதி இல்லாமலே போகிறது. வடலி சொல்கிற அந்த ஊளை அங்கேயும் கேட்கும்.

வடலி:

கேட்கும் ஃபிட்டர் அண்ணே, ஆனால் சவுத்எண்டுக்குப் போனவர்களுக்கு மட்டும். எக்ஸ்எச்558 ஊர் ஊராகப் போனது. 2015 அக்டோபரில் இரண்டு நாள் வடக்கு, தெற்கு என்று நாடு முழுக்க ஒரு பிரியாவிடைச் சுற்று, சனம் வீதியில் காரை நிறுத்திவிட்டு நின்றது. கடைசி நாள் பறப்பை முன்கூட்டிச் சொன்னால் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று நேரத்தையே விளம்பரப்படுத்தவில்லை. விளம்பரம் செய்யப் பயப்படும் அளவுக்கு ஒரு பழைய விமானத்துக்குச் சனம் வந்தது என்றால் யோசித்துப் பாருங்கள்.

ஏட்டுக்காரன்:

இடையில் ஒன்று. நன்கொடையாளர்களின் பெயர்களை விமானத்திலேயே எழுதி வைப்பதாகச் சொல்லிப் பணம் திரட்டினார்கள் அல்லவா, அந்த உத்தி புதிதல்ல, 1940இலேயே வந்துவிட்டது. ஸ்பிட்ஃபயர் நிதி என்று பேர். ஒரு ஸ்பிட்ஃபயரின் விலை 5,000 பவுண்டு என்று ஒரு குத்துமதிப்பு வைத்தார்கள், உண்மையில் அதைவிட ஆகும், ஆனால் ஒரு ஊரோ ஒரு தொழிற்சாலையோ எட்டிப் பிடிக்கிற மாதிரி முழு எண் அது. பணம் கட்டியவர் சொல்லும் பெயர் விமானத்தின் பக்கவாட்டில் எழுதப்படும். இங்கிருந்தும் போயிருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் 79ஆம் ஸ்க்வாட்ரனுக்கும் 234ஆம் ஸ்க்வாட்ரனுக்கும் "மெட்ராஸ் பிரசிடென்சி" என்று பேர், நம் சென்னை மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்கு நன்றியாக வைத்தது. 102ஆம் ஸ்க்வாட்ரன் "சிலோன்". அதில் எவ்வளவு மனமுவந்து கொடுத்தது, எவ்வளவு கலெக்டர் முகத்துக்காகக் கொடுத்தது என்பதைத் தனியாக ஒரு இழையில் பேசலாம்.

சொல்ல வந்தது, "விமானத்துக்கு நிதி தாருங்கள்" என்றால் பை திறக்காது, "இந்த இடத்தில் உங்கள் பெயர் இருக்கும்" என்றால் திறக்கும்.

ரன்வே_ராஜா:

எனக்கு இந்தப் பொதுமக்கள் நன்கொடை விவகாரமே தலைவலியாகத் தெரிகிறது. நம்ம டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானத்தைப் பாருங்கள். தொழிலதிபரும் அரசியல்வாதியுமான ராஜீவ் சந்திரசேகர் அயர்லாந்தில் கழித்துக் கட்டும் நிலையில் கிடந்த ஒன்றை 2011இல் தன் சொந்தப் பணத்தில் வாங்கி, இங்கிலாந்தில் கொடுத்துச் சரிபண்ணி, 2018இல் விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். பரசுராமா என்று பேர் வைத்து இங்கிலாந்திலிருந்து பறந்தே வந்தது, மே மாதம் ஹிண்டனில் படையில் சேர்த்தார்கள். அவருடைய அப்பா விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். கடைசி நாள் அறிவிப்பு கிடையாது, உண்டியல் கிடையாது, வேலை முடிந்தது.

பழைய_ஃபிட்டர்:

ராஜா, பணம் கொடுத்தது ஒருவர், சரி. ஆனால் இன்றைக்கு அதற்கு ஹேங்கரும் பைலட்டும் உதிரிபாகமும் கொடுப்பது விமானப்படை. அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் பேசக்கூடாது. எக்ஸ்எச்558க்குப் பின்னால் எந்தப் படையும் இல்லை, கூரை வாடகையிலிருந்து இன்சூரன்ஸ் வரை அறக்கட்டளை தலையில். அப்புறம் டகோட்டா உலகம் முழுக்க இன்னும் பறக்கிற ரகம், பிஸ்டன் எஞ்சின், உதிரிபாகம் கிடைக்கும். வல்கனோடு ஒப்பிடவே முடியாது.

பரசுராமாவின் வாலில் எழுதியிருக்கும் விபி905 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண், அந்த நினைவுக்காக இதற்குச் சூட்டியது. இது அதே விமானம் என்று நிறையப் பேர் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். விளம்பரத்துக்கு அது வசதிதான், ஆனால் நிதி கேட்கிறவர்கள் இந்த மாதிரி விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். எக்ஸ்எச்558ஐ ஃபோக்லாந்தில் குண்டு போட்ட விமானம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு, அது எக்ஸ்எம்607 என்ற இன்னொரு வல்கன், வாடிங்டன் விமானத்தளத்தில் நிற்கிறது.

ஏட்டுக்காரன்:

சிறு தொகைக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் லிங்கன்ஷையரில் ஈஸ்ட் கிர்க்பி. ஃபிரெட், ஹெரால்ட் பான்டன் என்று இரண்டு விவசாயச் சகோதரர்கள், அவர்கள் அண்ணன் 1944இல் ஜெர்மனியின் நூரெம்பர்க் மீது குண்டு வீசப் போனபோது இறந்தவர், அவர் நினைவாக என்எக்ஸ்611 என்ற லங்காஸ்டர் ரகப் போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தை வாங்கி அங்கே வைத்தார்கள். பணம் கட்டினால் உள்ளே உட்காரவைத்துப் புல்தரையில் உருட்டுவார்கள், அந்த வருமானம் திருத்த வேலைக்குப் போகும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிக்கு ஒரு சங்கம் கூட வைத்திருக்கிறார்கள், விமானத்தில் அடிக்கிற ரிவெட்டை நீங்கள் தத்தெடுக்கலாம். பறந்தே தீர வேண்டும் என்ற அவசரம் இல்லாமல், வருஷத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து வேலை பார்க்கிறார்கள். வந்தவன் கையில் எண்ணெய் வாசனையோடு போகிறான், அடுத்த வருஷம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிறான்.

எக்ஸ்எச்558 திட்டத்தில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான், எல்லா விளம்பரமும் "பறக்கிறது" என்ற ஒரே சொல்லின் மேல் நின்றது. பறப்பது நின்ற மறுநாள் சொல்வதற்கு என்ன இருந்தது? ஹேங்கரை விட்டு வெளியே வந்து வெயிலிலும் மழையிலும் நின்றது, புது ஹேங்கர் கட்டும் திட்டத்துக்குத் தேவையான பணம் சேரவில்லை, 2022இல் விமான நிலையமே மூடப்பட்டது. வானத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் பலர் கூரைக்குக் கொடுக்க வரவில்லை. பறந்துகொண்டிருந்த வருஷங்களிலேயே, கூட்டம் அலைமோதிய காலத்திலேயே, வசூலில் ஒரு பங்கைக் கூரைக்கென்று தனியாக ஒதுக்கிக் கேட்டிருக்க வேண்டும். வடலி என்ன சொல்கிறார்?

வடலி:

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரம் இறக்கைக்குப் புதுத் தகடு போட்டால்தான் இன்னும் இரண்டு சீசன் பறக்கலாம் என்ற நிலை, 2013 குளிர்காலத்தில் அதற்குத்தான் நிதி கேட்டார்கள். ஹேங்கருக்குத் தாருங்கள் என்று அப்போது கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கொடுத்திருக்க மாட்டேன்.

கோவைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். ஃபிட்டர் சார் சொன்ன சிலிக்கா ஜெல் கதையைக் கேட்டு ரொம்ப நேரம் திட்டினார், பட்டறைக்காரர் அல்லவா. தொகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு தொடர்வதாகச் சொல்கிறார், மீதிப் பாதிக்கு ஈஸ்ட் கிர்க்பியில் ரிவெட் வாங்கப் போகிறாராம். பணம் எதற்குப் போகிறது என்று அவர் எழுதிக் கேட்கலாமா, சொல்வார்களா?

வடலி:

தாராளமாகக் கேட்கலாம். எழுதாமலே பார்க்கவும் முடியும், இங்கிலாந்தில் பதிவான, இந்த அளவு வருமானம் உள்ள அறக்கட்டளைகளின் ஆண்டுக் கணக்கு அறக்கட்டளை ஆணையத்தின் தளத்தில் இலவசமாக இருக்கும். அதில் விமானத்துக்கு எவ்வளவு, அலுவலகத்துக்கு எவ்வளவு என்று மாமாவே பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். இன்னொன்று, அவர் வருமான வரி கட்டுபவராக இருந்தால் நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்ட் என்ற வரிச்சலுகைப் பெட்டியில் அடையாளம் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கம் மேலே போடும், நான்கு வருஷம் பின்னோக்கியும் கோரலாம். முதியவர்கள் கனபேர் இதைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.