மு. திருச்செல்வம்: அரச வழக்குத்தொடுநர் மூதவைக்குப் போன வழி

சட்டத்தரணி, மல்லாகம்

அரசுக்காக வழக்கு நடத்திய சட்டத்தரணியாக இருந்து, மூதவை (செனற், அன்றைய நாடாளுமன்றத்தின் மேல்சபை) வழியாக அமைச்சரான திருச்செல்வத்தைப் பற்றி எழுத வாறவை முதலில் பிழை விடுகிற இடம் கோடு, அதாவது நீதிமன்றம். "மல்லாகம் கோட்டிலும் பருத்தித்துறைக் கோட்டிலும் அரசுக்காக வாதாடினார்" என்று எழுதினால் பெரும்பாலும் அது கற்பனைதான். அன்று நீதவான் கோட்டில் சில்லறை வழக்குகளை நடத்தியது பொலிஸ். கொலை வழக்கென்றால் நீதவான் சுருக்கமுறையற்ற விசாரணையோடு, அதாவது முதல்நிலை விசாரணையோடு, நின்றுவிடுவார். கோவை கொழும்புக்கு, சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும். குற்றப்பத்திரிகை அங்கேயிருந்து வரும். அதை எடுத்துக்கொண்டு, அரசுக்காக வாதாடும் முடிக்குரிய வழக்கறிஞர் எழும்பி நின்றது, உச்ச நீதிமன்ற நீதியரசர் சுற்றுக்கு வந்த அசைஸ் அமர்வில்.

அங்கே யூரிமார் 7 பேர் இருந்தார்கள். குறைந்தது 5 பேர் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. 4க்கு 3 செல்லாது. சட்டம் படித்த ஒருவரை நம்பவைப்பது ஒரு வேலை, சட்டம் படிக்காத ஐந்து பேரை ஒன்றாக இழுப்பது வேறொரு வேலை. அந்தத் திணைக்களத்தில் இருந்தவர்களின் பேச்சு ஏன் அலங்காரமில்லாமல், அடுக்கடுக்காக இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

நூலகர், யாழ்ப்பாணம்

அவர் நின்ற வழக்குகளைத் தேட 'நியூ லோ ரிப்போட்ஸ்' என்ற தீர்ப்புத் தொகுதிகளை எடுங்கள். தலைக்குறிப்பு முடிந்து தீர்ப்பு தொடங்குமுன் சட்டத்தரணிகளின் பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கும். பெயரோடு அன்றைய பதவியும் அச்சாகியிருக்கும். ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் முடிக்குரிய வழக்கறிஞர் மன்றாடியார் நாயகமாக (சொலிசிட்டர் ஜெனரலாக) உயர்ந்த வரிசை தானாகத் தெரியும். பெயரை ஆங்கிலத்தில் 'ரி' போட்டும் 'ரிஎச்' போட்டும் எழுதுவார்கள். சுட்டியில் இரண்டையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அசைஸில் முடிந்துபோன வழக்குகள் அதில் பெரும்பாலும் வராது. மேன்முறையீட்டுக்குப் போனவைதான் வரும். ஆகவே அதை வைத்து "இத்தனை வழக்கு வென்றார்" என்று கணக்குப் போடுவது வீண் வேலை.

பத்திரிகைப் பக்கம் கடினம். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள். மிஞ்சியதை நூலகம் இணையத்தளத்தில் தேடலாம். அங்கே இல்லாவிட்டால் கொழும்பு 7 தேசிய சுவடிக்கூடம்தான்.

கல்வெட்டு அச்சடிப்பவர், நல்லூர்

அந்தியேட்டிக்கு, 31ஆம் நாளுக்கு, அடிக்கிற கல்வெட்டுகளையும், அதாவது இறந்தவரின் நினைவு நூல்களையும், பாருங்கள். வம்சாவளி, பிறந்த ஊர், கலியாண உறவு ஆகியவற்றுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பதவிக்கு மட்டும் அதை நம்பவேண்டாம். தற்காலிகப் பதவியைக் குறிக்கும் "பதில்" என்ற சொல் கல்வெட்டில் விழுந்துபோகும். பதில் கடமை பார்த்தவர் நிரந்தரமாகிவிடுவார். வீட்டுக்காரர் எழுதித் தருவதை அப்படியே கோக்கிற அச்சகத்துக்கு இதெல்லாம் தெரியாது.

கட்சி வரலாறு சேர்ப்பவர், கோப்பாய்

அரசியல் பகுதியில் விளங்கவேண்டிய முக்கிய விசயம்: அவர் வாக்குக் கேட்டு அமைச்சரானவரல்ல. 1965 மார்ச் 24இல், ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவுக்கும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையே டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தம். தமிழரசுக் கட்சிக்கு அப்போது 14 இடம். டட்லியின் அரசுக்கு ஆதரவு கொடுத்தார்கள், ஆனால் செல்வநாயகமோ மற்றத் தலைவர்களோ அமைச்சுப் பதவி எடுக்கவில்லை. அன்றைய சோல்பரி அரசியலமைப்பின்படி நாடாளுமன்றத்தின் இரு சபைகளில் ஒன்றிலும் இல்லாதவர் தொடர்ந்து 4 மாதத்துக்குமேல் அமைச்சராக இருக்க ஏலாது. வழி மூதவை. அதன் 30 பேரில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்யும், மற்ற 15 பேரை மகாதேசாதிபதி நியமிப்பார். அந்த வழியால் திருச்செல்வம் உள்ளே போய் உள்ளூராட்சி அமைச்சரானார்.

சட்ட ஆளென்பதால் நீதி அமைச்சர் என்று எழுதிவிடாதீர்கள். நீதி அமைச்சர் மூதவையிலிருந்துதான் வரவேண்டும் என்பது அன்றைய சட்டம், அதனால்தான் இந்தக் குழப்பம். கட்சிக்கு வேண்டியிருந்தது, மாவட்டத்துக்கு அதிகாரம் கொடுக்கும் மாவட்ட சபை. அதற்குரிய அமைச்சு உள்ளூராட்சி. 1968இல் மாவட்ட சபை வெள்ளை அறிக்கை வந்தது, எதிர்ப்போடு போனது. அதே ஆண்டில் திருகோணமலைக் கோணேசர் கோயில் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழு போட்டார். பிக்கு ஒருவர் ஆட்சேபித்ததும் பிரதமர் அதை நிறுத்தினார். செப்டெம்பரில் திருச்செல்வம் பதவி விலகினார். கட்சி அரசைவிட்டு வெளியேறியது அதற்குப் பிறகு, 1969இல். இந்த இரண்டையும் ஒரே நாளாக்கிவிடுகிறார்கள்.

பேச்சுகளைத் தேடுபவர்கள் மூதவை ஹன்சாட்டை (சபைப் பேச்சுப் பதிவை) கேட்டு வாங்குங்கள். பிரதிநிதிகள் சபைத் தொகுதிகள் வேறு. மூதவை 1971இல் ஒழிந்தது.

சட்டத்தரணி, மல்லாகம்

1976ஐ விட்டுவிட்டீர்கள். குடியரசு நாள் பகிஷ்கரிப்புத் துண்டுப்பிரசுரத்துக்காகத் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கம் முதலானோர்மேல் போட்ட 'ட்ரயல் அற் பார்' வழக்கு: மூன்று நீதியரசர், யூரி இல்லை. அரசுப் பக்கம் பழகிய திருச்செல்வம் அங்கே எதிரிகள் (குற்றஞ்சாட்டப்பட்டவர்கள்) பக்கம் நின்றார், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தோடு. இத்தனை காலம் எதிரெதிர் அரசியல் நடத்திய செல்வநாயகமும் ஜீ.ஜீயும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். அவசரகால விதிகள் செல்லுமா என்பதே வாதம். துண்டுப்பிரசுரம் கொடுத்தார்களா இல்லையா என்பதல்ல. குற்றப்பத்திரிகை எழுதத் தெரிந்தவருக்கே அது எந்த அத்திவாரத்தில் நிற்கிறது என்று தெரியும். அந்த நவம்பரில் திருச்செல்வம், அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஜீ.ஜீ., ஏப்ரலில் செல்வநாயகம் என்று மூவரும் போய்விட்டார்கள்.

கல்வெட்டு அச்சடிப்பவர், நல்லூர்

கடைசியாக ஒன்று: படம். 1999 யூலை 29இல் கொல்லப்பட்ட நீலன் திருச்செல்வம் இவரின் மகன். அவரும் சட்ட ஆள், அவரும் நாடாளுமன்றத்தில் இருந்தவர். "திருச்செல்வம்" என்று மட்டும் தேடினால் மகனின் படம்தான் முதலில் வரும். படத்தில் ஆண்டு இல்லாவிட்டால் போடாமல் விடுங்கள்.