சிலிண்டர் ஹெட்டில் முறிந்த சைலன்சர் ஸ்டட்: ஈசி அவுட் போடலாமா?

கேள்வி:
பதினான்கு ஆண்டுகளாக ஓடும் என் 100 சிசி பைக்கின் சைலன்சரைக் கழற்றும்போது, ஹெட்டில் உள்ள இரண்டு 6 மி.மீ. ஸ்டட்டுகளில் (தலையில்லாத மரையாணிகளில்) ஒன்று நட்டோடு சேர்ந்து முறிந்துவிட்டது. ஏறத்தாழ 4 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விட்டுப் பார்த்தும், கிரிப் பிளையர் வழுக்குகிறதே தவிர ஸ்டட் அசையவில்லை. பட்டறையில் ஈசி அவுட் (முறிந்த ஸ்டட்டில் துளையிட்டு, அதனுள் இறக்கி எதிர்ப்பக்கம் திருகி எடுக்கும் கருவி) போட்டு எடுத்துவிடலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில் 1:
சம்மதிக்காதீர்கள். ஸ்டட்டே முறியும் அளவுக்கு இறுகிய இடத்தில், அதனுள் நுழையும் ஈசி அவுட் அதைவிட மெலிதாகத்தான் இருக்கும். கடினப்படுத்திய எஃகான அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. ஹெட்டைக் கழற்றி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் உள்ள இடத்தைத் தேட வேண்டிவரும்.

4 மி.மீ. மிஞ்சியிருப்பது உங்கள் நல்ல காலம். அதன்மேல் ஒரு 8 மி.மீ. நட்டை வைத்து, அதன் துளையை வெல்டிங்கால் நிரப்பச் சொல்லுங்கள். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. சூடு ஸ்டட்டின் அடிவரை இறங்கிப் பிடிப்பை இளக்கும். சிவப்பு மறைந்ததும், ஆறுவதற்குள் ஸ்பேனரால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். பேட்டரி வயரையும் பெட்ரோல் டேங்கையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

பதில் 2:
வெல்டிங் பலிக்காவிட்டால், நுனியை மட்டமாக அராவி, நடுவில் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் துளையிடுங்கள். பாதி வழியில் ஸ்டட் தானே கழன்று வருவதும் உண்டு. நான் ஒருமுறை கை டிரில்லில் அவசரப்பட்டு மையத்தைத் தவறவிட்டேன். பிட் மென்மையான அலுமினியப் பக்கம் சாய்ந்து மரையைத் தின்றுவிட்டது. பிறகு 6.3 மி.மீ. துளை போட்டு, ஹெலிகாயில் (கெட்டுப்போன மரைக்குப் பதிலாக இறக்கும் கம்பிச் சுருள்) பெட்டியோடு வரும் அதற்கே உரிய டேப்பால் மரை வெட்டி, சுருளை முகப்புக்கு அரைச் சுற்று கீழே இறக்கிச் சரிசெய்தேன். எப்படிச் செய்தாலும், சீவல் உள்ளே விழாமல் எக்ஸாஸ்ட் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

கேட்டவர்:
முதல் நட்டு பிய்ந்துவிட்டது. இரண்டாவது நட்டோடு ஸ்டட் வந்துவிட்டது. அதன் மரை முழுவதும் வெள்ளைப் பொடி. துளையின் மரை கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது.

பதில் 1:
அது அலுமினியம் அரித்த பொடி. 6 × 1.0 டேப்பைக் கையால் மட்டும் ஓட்டித் துடைத்துவிட்டு, புது ஸ்டட்டில் காப்பர் கிரீஸ் தடவி இறக்குங்கள். நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும்.