ஏற்காடு ஏறும் அம்பாசிடரும் கார்ப்பரேட்டர் டியூனிங்கும்

மலை ஏறுகிற பழைய வண்டிக்குப் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும் என்று சேலத்தில் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எங்கள் அம்பாசிடர் மார்க் 2-வையும் ஒரு பட்டறையில் அப்படித்தான் டியூன் செய்து கொடுத்தார்கள். ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. ஏற்காடு ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் இழுவை போய்விடும். பின்னால் கரும்புகை. வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டி நின்றுவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டரையே மாற்றச் சொன்னார்கள்.

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர்தான் வழி சொன்னார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார், நான்கிலும் அடுப்புக்கரி மாதிரி மசி. "மேல போகப் போகக் காத்து லேசாகுது தம்பி. பெட்ரோல் குறையாம வந்தா எப்படி எரியும்?" என்றார். சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். அதற்குள் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. கீழேயே பெட்ரோல் கூடுதலாக இருந்தால் மேலே என்ன ஆகும்?

அவர் எடுத்தவுடன் கார்ப்பரேட்டரில் கை வைக்கவில்லை. முதலில் டேப்பெட் (வால்வு இடைவெளி), அப்புறம் தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், அப்புறம் தீப்பொறி விழும் நேரமான டைமிங். இவை சரியில்லாமல் கார்ப்பரேட்டரைத் திருகுவது வீண் வேலை என்பது இப்போது என்னுடைய கட்சியும்கூட.

எங்கள் வண்டியில் இருப்பது எஸ்.யூ. என்ற வகைக் கார்ப்பரேட்டர். மேல் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டன் துள்ளாமல் தடுக்கும் டேம்பருக்கு எண்ணெய் விட்டார். எஞ்சின் நன்றாகச் சூடாகி, குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக்கை முழுக்க உள்ளே தள்ளிய பிறகுதான் மிக்சர், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை. கார்ப்பரேட்டரின் பக்கத்தில் உள்ள 'பின்' என்ற சின்னக் கம்பியைக் கொண்டு அந்தப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிக் காட்டினார். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி அணைந்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. எங்களுடையது ஏறியபடியே நின்றது. பெட்ரோலைக் குறைக்க, அடியில் இருக்கும் ஆறு பட்டை நட்டை ஒரு நேரத்துக்கு ஒரு பட்டை மட்டும் மேலே திருகி, ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பியைத் தூக்கிப் பார்த்தார். அவசரமே இல்லை. ரொம்பவும் குறைத்துவிடக் கூடாது, ஏற்றத்தில் எஞ்சின் சூடேறிவிடும் என்றும் எச்சரித்தார்.

இப்போது கடைசி வளைவு வரை இரண்டாவது கியரில் சீராக இழுக்கிறது, புகை இல்லை. ஃபியட்டில் சோலெக்ஸ் கார்ப்பரேட்டர் வைத்து ஏற்காடு போகிறவர்கள் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை மாற்றினீர்களா, அப்படியே விட்டீர்களா? சொல்லுங்கள்.