ஏஸ்-ஜாக் வந்தாலே சிப்ஸ் கரையுது, எங்கே தப்பு பண்றேன்?

கிக்கர்கண்ணன்:
லிமிட் ஹோல்டெம் போக்கர் (கையில் ரெண்டு சீட்டு, நடுவில் பொதுவா அஞ்சு சீட்டு, பெட் அளவு நிலையானது), ஒன்பது பேர் மேசை. 9-4 மாதிரி குப்பைக் கையெல்லாம் பார்த்த உடனே தூக்கிப் போட்டுடுவேன், அதில் நஷ்டமே இல்லை. போறதெல்லாம் நல்ல கையில்தான். ஏஸ்-ஜாக், கிங்-குயீன், ஏஸ்-பத்து. ஆறு மாசக் கணக்கை எழுதிப் பார்த்தா இந்த மூணும்தான் பெரிய மைனஸ்.

நேத்து நடந்தது: முதல் இருக்கைக்காரர் (முதலில் முடிவு சொல்றவர்) ரெய்ஸ், அதாவது பெட்டை ஏத்தினார். அவர் ரெய்ஸ் பண்றதே அபூர்வம். எனக்கு கட்-ஆஃபில் (பட்டன்ங்கிற கடைசி இருக்கைக்கு முந்தினது) ஏஸ்-ஜாக், வேற வேற சின்னம். கால் பண்ணேன் (அதே அளவு போட்டேன்), மத்த எல்லாரும் ஃபோல்டு (கையை விட்டுட்டாங்க). ஃபிளாப் (முதல் மூணு பொதுச் சீட்டு) ஏஸ்-7-2, மூணும் வெவ்வேறு சின்னம். அவர் பெட், நான் ரெய்ஸ், அவர் திருப்பி ரெய்ஸ், நான் கால். டர்ன் (நாலாவது சீட்டு) 9, ரிவர் (அஞ்சாவது) 4. ரெண்டிலும் அவர் பெட், நான் கால். கடைசியில் காட்டினார், ஏஸ்-கிங். ரெண்டு பேருக்கும் ஏஸ் ஜோடி, ஆனா துணைச் சீட்டில் (கிக்கர்) அவர் கிங் என் ஜாக்கை ஜெயிச்சுது. மொத்தம் 9 சிறு பெட் போச்சு (ஃபிளாப் வரை ஒவ்வொரு பெட்டும் ஒரு சிறு பெட், டர்னிலும் ரிவரிலும் ரெண்டு).

டாப் பேரை (பொதுச் சீட்டில் பெரியதோடு சேர்ந்த ஜோடி) வெச்சுக்கிட்டு எங்கே விடுறது? டர்னிலா, ரிவரிலா?

பாட்டரசன்:
ஃபிளாப்பில் திருப்பி ரெய்ஸ் வந்ததுமே விட்டிருக்கணும். அவர் அபூர்வமா ரெய்ஸ் பண்றவர்னு நீங்களே சொல்றீங்களே.

சீட்டுக்கட்டு:
அங்கே விடச் சொல்வது நோ-லிமிட் (எவ்வளவு வேண்டுமானாலும் பெட் போடும் ஆட்டம்) பழக்கம் நண்பா. பாட்டை, அதாவது நடுவில் சேர்ந்த பணத்தைப் பாருங்கள். ஃபிளாப்புக்கு முன் 5.5 சிறு பெட் (நீங்கள் இருவரும் தலா 2, பிளைண்ட் எனும் கட்டாயப் பெட் போட்டு விட்ட இருவருடையது 1.5), ஃபிளாப்பில் 6, ஆக 11.5. டர்னும் ரிவரும் கால் பண்ண 4 செலவு. ஐந்தில் ஒரு தடவைக்குச் சற்றே கூடுதலாக ஜெயித்தால் போதும், கட்டுப்படியாகிவிடும். எதிராளி எவ்வளவு இறுக்கமானவர் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய, டாப் பேரை இங்கே தூக்கிப் போடுவது கடினம்.

ஃபிளாப்பில் நீங்கள் பண்ணிய ரெய்ஸ்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் கிங் ஜோடி இருந்தால் ரெய்ஸைப் பார்த்து ஒதுங்குவார். ஏஸ்-கிங் இருந்தால் இன்னொன்று ஏற்றுவார். சும்மா கால் பண்ணியிருந்தால் 9 இல்லை, 7தான் போயிருக்கும்.

ஆனால் அந்த 7ம் ஏன் போக வேண்டும்? ஃபிளாப் வருவதற்கு முன்னாலேயே தப்பு நடந்துவிட்டது: அவர் ரெய்ஸுக்கு ஏஸ்-ஜாக்கை ஃபோல்டு பண்ணாமல் கால் பண்ணியது.

கூட்டல்கழித்தல்:
சீட்டுக்கட்டு ஐயா சொன்னதை எண்ணியே காட்டுகிறேன். அந்த முதல் இருக்கைக்காரர் பத்து ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, ஏஸ்-கிங், ஏஸ்-குயீன், இவற்றுக்கு மட்டும் ரெய்ஸ் பண்ணுவார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் ஒரு ஏஸ், ஒரு ஜாக் இருப்பதால் மிச்சம் இவ்வளவுதான்: ஏஸ்-கிங் 12 விதம், ஏஸ்-குயீன் 12, ஏஸ் ஜோடி 3, ஜாக் ஜோடி 3, கிங், குயீன், பத்து ஜோடிகள் தலா 6. மொத்தம் 48.

இதில் 42 விதத்தில் நீங்கள் வெகுவாகப் பின்தங்கி நிற்கிறீர்கள். ஏஸ்-கிங்குக்கு எதிராக ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் உங்களுக்கு. பத்து ஜோடியோடு மட்டும் கிட்டத்தட்ட சமம், அதிலும் ஜோடிக்கே கை ஓங்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஃபிளாப்பில் ஏஸ் விழுந்ததும் நிலைமை மாறுகிறது. இன்னொரு ஏஸ் வெளியே போனதால் ஏஸ்-கிங் 8, ஏஸ்-குயீன் 8, ஏஸ் ஜோடி 1. உங்களை முந்துவது 17 விதம்தான். பத்து முதல் கிங் வரையான ஜோடிகள் 21 விதமும் உங்களுக்குப் பின்னால். அதனால்தான் கடைசி வரை போகத் தோன்றுகிறது, முதல் பெட்டுக்குக் கால் பண்ணுவதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த 21ம் ஏஸைக் கண்டதும் கையைச் சுருக்கிக்கொள்ளும். அந்த 17ம் கடைசி வரை பெட் போடும். தப்பிக்க உங்களிடம் பெரும்பாலும் மூன்று ஜாக்தான், இரண்டு சீட்டும் வரும்வரை காத்திருந்தாலும் 13 சதவீதம். ஜெயித்தால் சில்லறை, தோற்றால் முழுசு.

ஒரு கொசுறு. இந்தக் கையில் ஜாக் விழும் ஃபிளாப்தான் எனக்கு நிம்மதி. ஏஸ்-கிங் வைத்திருப்பவர் ஏஸ் வரட்டும் என்று கால் பண்ணிக்கொண்டிருப்பார். அந்த ஏஸ் வந்தால் நமக்கு இரண்டு ஜோடி!

பாட்டரசன்:
அப்போ ஃபிளாப்புக்கு முன்னாடியே மூணாவது பெட் (அவர் ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ்) போட்டுப் பார்த்தா, எங்கே நிக்கிறோம்னு தெரியுமே? இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமுக்கு 2015ல் கனடா ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் தீர்வே கண்டாச்சு. அந்த கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு செஃபியஸ்னு பேர். அது ஏஸ்-ஜாக்கைத் தூக்கிப் போடாது.

சீட்டுக்கட்டு:
இருவர் ஆட்டத்தில் எதிராளி பாதிக்கு மேல் எதையும் வைத்து ரெய்ஸ் பண்ணுவார். ஒன்பது பேர் மேசையில் முதல் இருக்கையில் இருந்து ரெய்ஸ் பண்ணுபவர் வேறு ஆள். இந்த மேசைக்கு அது பொருந்தாது.

மூன்றாவது பெட்டுக்கு அவர் ஃபோல்டு பண்ணப்போவதில்லை. நான்காவது பெட் போட்டு மூடுவார் (அதற்கு மேல் ஏற்ற முடியாது). தெரிந்துகொள்ள இரண்டு பெட் கூடுதலாகக் கொடுத்ததுதான் மிச்சம். அவர் ரெய்ஸ் பண்ணியபோதே அவர் யாரென்று தெரிந்துவிட்டதே.

கிக்கர்கண்ணன்:
புரிஞ்சுது. இன்னிக்கு அதையே செஞ்சேன். பெரிய பிளைண்டில் (கட்டாயப் பெட் போடும் ரெண்டு இருக்கையில் பெரியது) ஏஸ்-ஜாக், பட்டன் ரெய்ஸ், சின்ன பிளைண்ட் ஃபோல்டு, நானும் ஃபோல்டு. சரிதானே?

சீட்டுக்கட்டு:
ஐயோ, இல்லை! சொன்னதை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டீர்கள். எல்லோரும் விட்ட பிறகு பட்டனில் இருந்து வரும் ரெய்ஸ் ஏஸ்-4, கிங்-9, குயீன்-பத்து எதுவாகவும் இருக்கலாம். அங்கே மிதிபடுவது அவர் கை, உங்களுடையது இல்லை. அங்கேதான் மூன்றாவது பெட். விலையும் மலிவு: பாட்டில் 3.5 இருக்கிறது, கால் பண்ண 1 போதும். பிளைண்டில் ஏஸ்-ஜாக்கை விடவே கூடாது. உங்கள் முதல் இருக்கைக்காரர் ரெய்ஸ் பண்ணியிருந்தால்கூட அந்த விலைக்குப் பார்க்கலாம்.

அதேபோல் முன்னால் இரண்டு பேர் ரெய்ஸ் இல்லாமல் சும்மா கால் பண்ணி உள்ளே வந்தால், ஏஸ்-ஜாக்கில் ரெய்ஸ் பண்ணுங்கள். அப்படி வருபவர்கள் ஏஸ்-6, ஏஸ்-8 என்று எந்த ஏஸையும் விடமாட்டார்கள்.

கிக்கர்கண்ணன்:
கடைசியா ஒண்ணு. அதே முதல் இருக்கைக்காரர் ரெய்ஸ், என்கிட்ட ஒரே சின்னத்தில் கிங்-குயீன். இதுவும் ஃபோல்டா?

கூட்டல்கழித்தல்:
நடுவில் யாரும் வராவிட்டால் ஃபோல்டு. ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் கால் பண்ணியிருந்தால் பார்க்கலாம். ஃப்ளஷ், ஸ்ட்ரெயிட் அடித்தால் கிக்கர் கவலையே இல்லை, கொடுக்க நிறையப் பேர் இருப்பார்கள். வெறும் கிங் ஜோடி மட்டும் விழுந்து, அவர் டர்னில் உங்களை ரெய்ஸ் பண்ணினால், ஏஸ்-கிங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேற வேற சின்னத்தில் கிங்-குயீன் என்றால் யார் வந்தாலும் வேண்டாம்.

கிக்கர்கண்ணன்:
நன்றி அண்ணா. ஏஸ்-பத்தைப் பத்திக் கேட்கலாம்னு இருந்தேன், இப்போ தேவையில்லை.