கண்ணதாசன் என்னவெல்லாம் படித்தார்? பாட்டில் அது எங்கே தெரிகிறது?

பழையபாட்டுப்பிரியை:
கண்ணதாசன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய சினிமாப் பாட்டில் கம்பன், குறள், பட்டினத்தார் எல்லாம் தட்டுப்படுகிறது என்கிறார்கள். வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போது என் தம்பி "அப்படியானால் பாதிப் பாட்டு காப்பிதானே" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். எனக்கு மனம் ஒப்பவில்லை, எடுத்துச் சொல்லவும் கையில் சரக்கு இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பட்டியல் வேண்டாம், ஒன்றிரண்டு பாட்டை விரித்துச் சொன்னால் போதும்.

செட்டிநாட்டான்:
காப்பி என்று சொல்பவர்கள் மூலப்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை, அதுதான் பிரச்சினை. பாத காணிக்கை (1962) படத்தில் வரும் "வீடு வரை உறவு" பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினத்தார் என்ன சொல்கிறார்? செல்வமும் வாழ்வும் வீட்டோடு சரி, கண்ணீர் விடும் மனைவி "வீதி மட்டே", தலையில் கைவைத்து அழும் பிள்ளைகள் "சுடுகாடு மட்டே", அதற்கப்புறம் கூடவே வருவது "இருவினைப் புண்ணிய பாவமுமே". ஆக, கடைசி வரை யார் வருவார் என்பதற்கு அவரிடம் பதில் இருக்கிறது. கண்ணதாசன் அதே வீட்டையும் வீதியையும் காட்டையும் வரிசையாக வைத்துவிட்டு, அந்தப் பதிலை மட்டும் எடுத்துவிட்டு "கடைசி வரை யாரோ" என்று நிறுத்தினார். துறவியின் தீர்ப்பு சாதாரண மனிதனின் திகைப்பாக மாறிவிட்டது. இதைச் செய்ய பட்டினத்தாரை மனப்பாடம் செய்திருந்தால் மட்டும் போதாது, அவரோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

கம்பன் கதை இன்னும் சுவையானது. கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணா 1943இல் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையேறி வாதாடினார். அந்தச் சூடு ஆறாத திராவிட இயக்கத்துக்குள்தான் கண்ணதாசன் வந்து சேர்ந்தார். குறை கண்டுபிடிப்பதற்காகக் கம்பனைக் கையில் எடுத்தவர் அதிலேயே விழுந்துவிட்டார், இதை அவரே எழுதியிருக்கிறார். பாலகாண்டத்தில் உலாவியற் படலம் என்று ஒன்று உண்டு. மிதிலை வீதியில் இராமன் போகிறான், பெண்கள் பார்க்கிறார்கள், "தோள்கண்டார் தோளே கண்டார்", அதாவது தோளில் விழுந்த கண் வேறு எங்கும் நகரவில்லை, முழு உருவத்தையும் பார்த்தவர் யாருமில்லை. இதுதான் இதயக்கமலத்தில் (1965) "தோள் கண்டேன் தோளே கண்டேன்" என்று வருகிறது. கம்பன் அந்தப் பெண்களை "வாள்கொண்ட கண்ணார்" என்று போகிற போக்கில் சொல்லியிருப்பான். கண்ணதாசன் அந்த வாளைத் தனியாக உருவி "வாள் கண்டேன் வாளே கண்டேன்" என்று இன்னொரு அடியே கட்டிவிட்டார். உலா பார்த்த கூட்டத்தின் பாட்டு இரண்டு பேருக்குள் நடக்கும் பாட்டாகிவிட்டது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மேலே சொன்ன இரண்டும் சரி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போதெல்லாம் அவருடைய ஒவ்வொரு வரிக்கும் ஒரு பழம்பாட்டைத் தேடிப்பிடித்து ஒட்டுகிறார்கள். "உனக்கும் கீழே உள்ளவர் கோடி" என்ற வரிக்குக் குமரகுருபரரின் நீதிநெறிவிளக்கத்தைக் காட்டுவார்கள், "தம்மின் மெலியாரை நோக்கித் தமதுடைமை அம்மா பெரிதென்று அகமகிழ்க" என்று. கருத்து ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் இது வீட்டுக்கு வீடு பெரியவர்கள் சொல்லும் ஆறுதல், புத்தகத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. என் கணக்கில் சொல்லமைப்பும் கூடவே வந்தால்தான் மூலம் என்று அடித்துச் சொல்லலாம். "உன்னை நான் பார்க்கும்போது மண்ணை நீ பார்க்கின்றாயே" அந்த வகை. "யான்நோக்கும் காலை நிலன்நோக்கும்" என்ற 1094ஆம் குறள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாட்டின் தொடக்கமான "நேற்று வரை நீ யாரோ நான் யாரோ" என்பதில் "யாயும் ஞாயும் யாராகியரோ" என்ற குறுந்தொகைப் பாட்டின் குரலும் கேட்கிறது. குறளும் குறுந்தொகையும் ஒரே பாட்டில், துருத்திக்கொண்டு நிற்காமல்!

மார்கழிப்பனி:
கீதையை யாரும் சொல்லவில்லையே! "காலங்களில் அவள் வசந்தம், மாதங்களில் அவள் மார்கழி", பாவ மன்னிப்பு, 1961. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னைப் பற்றிச் சொல்கிறான், மாதங்களில் நான் மார்கழி, பருவங்களில் நான் வசந்தம் என்று. இரண்டும் ஒரே சுலோகத்தில் வருகிறது, 35ஆவது. கடவுள் தன்னைப் பற்றிச் சொன்னதை ஒரு காதலன் தன் காதலியைப் பற்றிச் சொல்கிறான். சொன்ன தோரணை மாறவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. ஈ.வெ.கி. சம்பத்தோடு அவர் தி.மு.க.வை விட்டு வெளியேறியதும் அதே 1961தான். பிற்காலத்தில் அபிராமி அந்தாதிக்கு உரை எழுதியதும் அர்த்தமுள்ள இந்து மதம் எழுதியதும் திடீரென்று வந்த பக்தி என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டின் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

பழையபாட்டுப்பிரியை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பட்டினத்தார் விஷயத்தைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன், "யாரோ" என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தான். வாத்தியார் ஐயா, மூலங்களைப் படிக்க ஆசையாக இருக்கிறது. கம்பனை முதலிலிருந்து தொடங்கினால் முடிப்பேனா தெரியவில்லை, எங்கிருந்து தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
முதலிலிருந்து வேண்டாம் அம்மா. உரையோடு உள்ள பாலகாண்டத்தை வாங்கி நேரே உலாவியற் படலத்துக்குப் போங்கள். அப்புறம் கொஞ்சம் முன்னால் திரும்பி அகலிகைப் படலம். "கைவண்ணம் அங்குக் கண்டேன் கால்வண்ணம் இங்குக் கண்டேன்" என்று விசுவாமித்திரர் சொல்லும் பாட்டை வாய்விட்டுப் படித்துவிட்டு, "பால் வண்ணம் பருவம் கண்டு" என்ற சினிமாப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். குறுந்தொகைக்கு உ.வே.சா. 1937இல் வெளியிட்ட உரைப் பதிப்பே போதும், 40ஆம் பாட்டு.