கசுங்குலாவில் மிதவையும் பாலமும்

2016-ஆம் ஆண்டு சாம்பியாவின் தலைநகரான லுசாகாவில், சுரங்க உதிரிபாகங்களை இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றில் கணக்குப் பொறுப்பில் இருந்தேன். டர்பன் துறைமுகத்தில் இறங்கி போட்ஸ்வானா வழியாக வந்த எங்கள் சரக்கு, இரு நாட்டு எல்லையான கசுங்குலாவில் ஆறு நாட்களாக நிற்கிறது என்று தெரிந்ததும், காரணத்தை அறிந்துவர என்னை அனுப்பினார்கள். சாம்பெசி ஆறு அவ்விடத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் அகலம்தான். அக்கரையில் நின்ற எங்கள் லாரியின் தார்ப்பாய் நிறம்கூட இக்கரையிலிருந்து தெரிந்தது. ஆனால் ஆற்றைக் கடக்க மிதவைகளே இருந்தன. பாரமேற்றிய பெரிய லாரி என்றால் நடைக்கு ஒன்றுதான் ஏற முடியும்.

2003-இல், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய லாரி ஒன்றினால் மிதவை கவிழ்ந்து 18 பேர் இறந்ததை எங்கள் ஓட்டுநர் என்னிடம் சொன்னார். வயதில் மூத்த அந்தச் சாம்பியர், மிதவை நகரத் தொடங்கியதும் லாரியின் கதவைத் திறந்துவைத்துவிட்டு இறங்கி வெளியே நின்றுகொள்வார். அவர் அப்படி நின்ற காட்சி இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

2021 மே 10 அன்று அங்கே 923 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அது நேராகச் செல்லாமல் வில்போல வளைந்து செல்வதற்குக் காரணம் உண்டு: போட்ஸ்வானாவும் சாம்பியாவும் தொட்டுக்கொள்ளும் எல்லை சுமார் 150 மீட்டர்தான் என்பதால், அருகிலுள்ள சிம்பாப்வேயின் பகுதிக்குள் நுழையாமல் பாலத்தைக் கட்ட வேண்டியிருந்தது. 2022-இல் நான் மீண்டும் சென்றபோது, சாலையின் நடுவே ரயிலுக்கென ஒதுக்கிய தடத்தில் ரயில் எதுவும் ஓடவில்லை. லாரிகளோ சில நிமிடங்களில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன.

இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் அமர்ந்து, வண்டி நுழையும் நாட்டின் பக்கத்திலேயே எல்லாச் சோதனைகளையும் முடிக்கும் முறை அங்கே நடைமுறையில் இருந்தது. அப்படியிருந்தும் எங்கள் சரக்கு இரண்டு நாட்கள் நின்றது. எங்களுக்காக வேலை செய்த சுங்க முகவர், லாரி எல்லைக்கு வருவதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டிய ஆவணங்களை, அது வந்து சேர்ந்த பிறகே பதிவு செய்தார். பாலத்துக்குச் செலவிட்ட அக்கறையில் ஒரு பங்கையாவது காகித வேலையில் காட்டாவிட்டால் காத்திருப்பு குறையாது என்பதை அன்று நன்றாக உணர்ந்தேன்.

இதற்கு மறுமொழியாக இன்னோர் உறுப்பினர் எழுதியது:

ஐயா, தாங்கள் எழுதியதைப் படித்ததும் சிருண்டு நினைவுக்கு வந்தது. சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் இடையே உள்ள அந்த எல்லையில்தான் 2009 டிசம்பரில் தாங்கள் சொன்னதுபோல இரு நாட்டுச் சோதனையையும் ஓரிடத்திலேயே முடிக்கும் ஆப்பிரிக்காவின் முதல் ‘ஒரே நிறுத்தச் சோதனை’ முறை தொடங்கியது. அதற்கு முன்பு அவ்வழியே பயணம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே சரக்குக்கு ஆற்றின் இரு கரைகளிலும் தனித்தனியாக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு ஒருமுறை சென்றபோது, லாரிகளை விட என் கவனத்தை ஈர்த்தவர்கள் தலைச்சுமையாகக் கருவாட்டு மூட்டைகளைக் கொண்டுவந்த பெண்களே. சிறு வணிகர்களுக்கென, கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான கொமேசா வகுத்த எளிய படிவத்தை நிரப்புவதற்கு உதவ அங்கே ஒரு தகவல் மேசை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா சொல்லச் சொல்ல, அங்கிருந்த இளைஞர் மூட்டைகளை எண்ணி, அவர் சொன்ன விலையைப் பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தார்.